கலாநிதிப் பட்டத்தை நாடும் மாணாக்கன்

பல்கலைக் கழகங்கள் வழங்கும் பட்டங்களுள் மிக உயர்ந்ததாக மதிக்கப்படுவது கலாநிதிப் பட்டம். தமிழ்நாட்டார் இதனை முனைவர் பட்டம் என வழங்குவர்; ஈழத்திலே கலாநிதி என்னும் பெயரே நிலைத்துவிட்டது. கலைகளின் நிதி எனப் பொருள்படும் இச்சொல்லே ஒரு மயக்கத்திற்குக் காரணமாயிற்று எனலாம். பல கலைகளையுங் கற்றுத் துறைபோய பேரறிஞர்க்கே இப்பட்டம் உரியது என்று பெற்றோரும் மாணாக்கருட் பலரும் கருதுகின்றனர். உண்மை இதற்கு முற்றும் மாறானது. ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு, அதன்கண் அதுகாறும் எவரும் அறியாத ஒன்றை, ஏனையோர் சோதித்துப் பார்த்தற்கேற்ற முறையில் நிறுவிக் காட்டியவனுக்கே இது வழங்கப்படுகின்றது. கற்றதற்குப் பரிசன்று, செய்ததற்குச் சான்று. வடமொழியிலே கலாநிதி என்பது சந்திரனுக்கும் ஒரு பெயர். வளர்தலும் தேய்தலும் மாறிமாறி வரும் ஆராய்ச்சி மாணாக்கனின் வாழ்க்கைக்கு இப்பொருளே கூடுதலாகப் பொருந்தும் போலும்.

ஆராய்ச்சியையும் போதனையையும் ஒருங்கு பிணைத்த கல்விமுறை, வில்கெல்ம் வொன் ஹும்போல்ட் என்பாரின் முயற்சியால் 1810ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பேர்லின் பல்கலைக் கழகத்தாற் சிறப்புற்றது. ஜேர்மனியிற் கற்று மீண்டவர்கள் அதனை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். யேல் பல்கலைக் கழகம் 1861இல் அந்நாட்டின் முதற் கலாநிதிப் பட்டங்களை வழங்கிற்று. இங்கிலாந்து இவ்விடயத்திற் பின்தங்கியே வந்தது. ஒக்ஸ்போட் 1917இலேதான் இப்பட்டத்தை ஏற்றுக்கொண்டது. நாட்டுக்கு நாடு முறை வேறுபடுதலின் காரணம் இவ்வரலாற்றிலே உள்ளது. பிரித்தானியாவில் மாணாக்கன் முதல் நாளிலிருந்தே தன் ஆராய்ச்சியிற் புகுகின்றான். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முடித்தல் வேண்டும். அமெரிக்காவில் முதலிரண்டு ஆண்டுகள் வகுப்புகளிலும் தகுதிகாண் பரீட்சையிலும் கழிய, அதன் பின்னரே ஆராய்ச்சி முழுமையாகத் தொடங்கும். ஐந்தாறு ஆண்டுகள் செல்லுதல் இயல்பு. ஆனால் அங்கே முதுமாணிப் பட்டமின்றியே, இளமாணிப் பட்டத்தோடு நேரே விண்ணப்பிக்கப் பல துறைகள் இடமளிக்கின்றன. ஒல்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளில் ஆராய்ச்சி மாணாக்கருட் பலர் வேதனம் பெறும் உத்தியோகத்தராகவே நியமிக்கப்படுகின்றனர்; அங்கே விண்ணப்பித்தல் வேலைக்கு விண்ணப்பித்தலையே ஒக்கும். ஆதலின் இலண்டனிலே கற்ற தமையன் கூறும் புத்தி, சிக்காகோவுக்கு விண்ணப்பிக்கும் தம்பிக்கு முழுவதும் உதவாது.

இனி, இப்பட்டத்தை நாடவேண்டியவர் யார் என்பது முதலில் எழும் வினா. பல்கலைக் கழகத்தில் நிலையான விரிவுரையாளராக விரும்புவோர்க்கு இது இன்றியமையாதது. ஆராய்ச்சி நிலையங்களிற் சுதந்திரமாகத் தொழில்புரிய விரும்புவோர்க்கும் அவ்வாறே. வேலை கிடையாமையால் மேலும் படிப்போம் என்றும், வெளிநாடு செல்ல வேறு வழி இல்லை என்றும், ஊரார் மதிப்பர் என்றும் புறப்படுவோர் இடையிலே பெரிதும் வருந்துவர். மதிப்பு ஒன்றே வேண்டுமாயின் அதற்கு எளிய வழிகள் பல உள. பெயரறியாத நிறுவனங்கள் பணம் பெற்றுக்கொண்டு மேளதாளத்தோடு அளிக்கும் 'கலாநிதி'ப் பட்டங்கள் இன்று சந்தையிலே மலிந்து கிடக்கின்றன. ஐந்து ஆண்டுகள் ஒரு வினாவோடு தனித்திருக்க மனம் ஒருப்படுமா என்பதையே மாணாக்கன் தன்னைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். அதனை அறிதற்கு ஒரு வழி, இளமாணி வகுப்பின் இறுதியாண்டில் எழுதும் சிறிய ஆய்வுக் கட்டுரையை மெய்யான ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தல். அதனை முடித்தாற் போதும் என்று இருந்தவனுக்கு ஓர் உத்தரமும், முடிந்த பின்னும் அதனை விடமுடியாதிருந்தவனுக்கு வேறோர் உத்தரமும் கிடைத்துவிடும்.

அடுத்தது பொருளும் ஆசிரியரும். மாணாக்கர் பெரும்பாலும் பல்கலைக் கழகத்தின் பெயரையே முதலில் நோக்குவர். இளமாணிப் படிப்பிற்கு அது ஓரளவு பொருந்தும். கலாநிதிப் பட்டத்திற்கோ, பெயர் பெற்ற கழகத்தில் அப்பொருளை அறியாத ஆசிரியரைக் காட்டிலும், பெயர் குறைந்த கழகத்தில் அதனை ஆழக் கற்பிக்கும் ஆசிரியர் மேல்.

பொருளை அறிந்த ஆசிரியர் என்பதும் ஆராய்ந்து கொள்ளவேண்டியதே. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்றவரான க. கைலாசபதி, பழந்தமிழ்ச் செய்யுள்களை ஆராய 1960களிற் பேமிங்காம் பல்கலைக் கழகத்தை நாடினார். அக்காலத்தில் இலண்டனில் தமிழ் கற்பிக்கும் கழகம் இருந்தது. அங்கே ஈழத்தவர் சிலர் முன்னரே பட்டம் பெற்றிருந்தனர். பேமிங்காமிலோ தமிழ்த் துறை இல்லை. அங்கிருந்தவர் ஜோர்ஜ் தொம்சன் என்னும் கிரேக்கப் பேராசிரியர். ஹோமரின் காவியங்களையும் ஏதென்சு நகரத்து நாடகங்களையும் அவை பிறந்த சமுதாயத்தோடு சேர்த்து நோக்கியவர் அவர். கைலாசபதி தேடியது தமிழறிவை அன்று. அது அவரிடமே இருந்தது. தேடியது ஒரு நோக்கு முறையை. வாய்மொழியாக வழங்கிய வீரயுகப் பாடல்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்னும் வினாவைக் கிரேக்கத்திலிருந்து எடுத்துச் சங்கச் செய்யுள்களிடம் கேட்டார். அவ்வாய்வேடு 1968இல் ஒக்ஸ்போட்டிலே நூலாக வெளிவந்தது. கா. சிவத்தம்பியும் அதே பேராசிரியரிடம் பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தில் நாடகத்தின் நிலையை ஆராய்ந்தார். மாணாக்கனிடம் ஏற்கெனவே உள்ளது எது, இல்லாதது எது, இல்லாததை அளிக்க வல்லவர் யார் என்று வகுத்துப் பார்த்த பின்னரே ஆசிரியரைத் தெரிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். இம்முறை எல்லாத் துறைக்கும் அப்படியே ஒவ்வாது. இரசாயனத்திலோ உயிரியலிலோ ஆய்வுகூடமும் கருவியும் ஆசிரியரின் கையிலேயே இருத்தலின், அவர் அப்பொருளிலேயே தொழில் செய்பவராய் இருத்தல் தவிர்க்கவொண்ணாதது.

ஆசிரியர் தெரிந்த பின் அவருக்குக் கடிதம் எழுதுதல் வேண்டும். இவ்வகைக் கடிதங்களுள் உலகறிந்தது, சீனிவாச இராமானுஜன் 1913ஆம் ஆண்டு தை மாதத்திற் கேம்பிறிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதியது. எழுதியவர் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர். அவருக்குப் பட்டம் இல்லை. கணிதத்திலன்றிப் பிற பாடங்களிற் கருத்தின்மையாற் கல்லூரிப் பரீட்சையிலே தவறியவர். அவர் முன்னரே கேம்பிறிட்ஜ் அறிஞர் இருவருக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. மூன்றாமவரான ஹார்டியோ கடிதத்தை லிட்டில்வூட்டிடம் காட்டி, இருவருமாக அதனை ஆராய்ந்தனர். கடிதத்தில் தம் வறுமையையும் உத்தியோகத்தையும் இராமானுஜன் சில வரிகளிற் கூறி முடித்துவிட்டார். எஞ்சிய ஏடுகளெல்லாம் தேற்றங்கள். ஹார்டியின் மனத்தை மாற்றியவை அந்த ஏடுகளே. 1916இல் கேம்பிறிட்ஜ், ஆராய்ச்சியின் அடிப்படையில் அவருக்கு இளமாணிப் பட்டம் அளித்தது. அக்கழகத்தில் அக்காலத்தில் கலாநிதிப் பட்டம் ஏற்படவில்லை.

இராமானுஜனின் கடிதத்தைப் பின்பற்றுக என்று எல்லார்க்கும் கூறுதல் பேதைமை. ஆயினும் அதிலுள்ள அளவுமுறை இன்றைய மின்னஞ்சலுக்கும் பொருந்தும்: தன்னைப் பற்றிச் சில வரி, தன் தொழிலைப் பற்றிப் பல வரி. பேராசிரியர் ஒருவருக்கு நாள்தோறும் இவ்வகைக் கடிதங்கள் வந்து குவிகின்றன. 'தங்கள் புகழ் திக்கெட்டும் பரந்துள்ளது. தங்கள் கீழ் எத்துறையிலேனும் ஆராயச் சித்தமாயுள்ளேன்' என்று தொடங்கும் கடிதம் ஒரே வேளையில் ஐம்பது பேருக்குச் சென்றது என்பதை அவர் முதல் வரியிலேயே அறிந்துகொள்வர். அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டையேனும் முழுமையாகப் படித்து, அவற்றுள் விடைகாணப்படாத ஒன்றைச் சுட்டி, அதனைத் தொடரத் தன்னிடம் உள்ள பயிற்சி இன்னதென்று கூறி, அவ்வாண்டில் மாணாக்கரை ஏற்பாரா என்று கேட்டல் போதுமானது. முந்நூறு சொற்களுக்கு மேற் செல்லவேண்டியதில்லை. மூன்று வாரத்தில் மறுமொழி வாராவிடின் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டா. மறுமொழி வாராமை அவமதிப்பன்று. இராமானுஜனுக்கும் முதலிருவரால் ஆனது ஒன்றுமில்லை.

அவரிடம் முன்னர்க் கற்றவர்களையும் விசாரித்தல் நன்று. பெரும் புகழுடைய ஆசிரியரிடம் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் முடித்தனர், முடிக்க எத்தனை ஆண்டு சென்றது, மாணாக்கன் எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளிற் படித்துத் திருப்பினார் என்பன கேட்கத்தக்கவை. இவ்வினாக்களைக் கேட்கத் தமிழ் மாணாக்கர் கூசுகின்றனர். குருவை ஆராய்தல் குற்றம் என்னும் எண்ணம் போலும். நன்னூலின் பாயிரம் மாணாக்கனின் இலக்கணத்தை மாத்திரம் கூறி நிற்கவில்லை. நல்லாசிரியனின் இலக்கணத்தையும், ஆசிரியனாகத் தகாதவனின் இலக்கணத்தையும் கூறுகின்றது. ஆராய்ந்து சேர்தல் நம் மரபுக்கு மாறானதன்று.

நன்னூலின் பாயிரத்தை நினைத்தற்கு இன்னுமொரு காரணம் உண்டு. விண்ணப்பத்தோடு அனுப்பவேண்டிய ஆராய்ச்சித் திட்டத்தை எழுதுதல் எவ்வாறு என்பதே மாணாக்கரை மிகவும் மருட்டுவது. சிறப்புப் பாயிரத்திற்கு நம் இலக்கண நூலார் கூறிய உறுப்புகளை நோக்கின் அம்மருட்சி பெரிதுங் குறையும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் உடன் சேர்ப்பாரும் உளர். வழி என்பது இந்நூல் எதன் வழியே வந்தது என்பதாம். முன்னோர் செய்த ஆராய்ச்சியோடு தன் ஆராய்ச்சி எவ்வாறு தொடர்புறுகின்றது என்று கூறும் பகுதி இதுவே. நுதலிய பொருள் வினா. பயன், விடை கிடைப்பின் விளைவது. கேட்போர், அதனை வேண்டி நிற்கும் அறிஞர் கூட்டம். யாப்பு, நூலின் அமைப்பும் அதிகார வைப்பும். இக்காலத்துப் படிவங்கள் கேட்பவை ஏறக்குறைய இவையே.

இவற்றுள் மாணாக்கர் பெரிதும் தவறுவது எல்லையில். 'ஈழத்துத் தமிழர் வரலாறு' என்பது பொருளன்று, ஒரு நூலகம். 'வட மாகாணத்து நிலத்தடி நீர்' என்பதும் அவ்வாறே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறையின் கண் தங்கும் நீரிலே, விவசாய உரங்களால் நைத்திரேற்று கலத்தல் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் ஒன்று. அதனை எடுப்பவன் குறித்த சில கிராமங்களின் கிணறுகளை, மாரிக்கு முன்னும் பின்னுமாக, இன்ன கருவியால், இத்தனை மாதம் அளந்து, வெங்காயச் செய்கையுள்ள நிலத்துக் கிணற்றுக்கும் இல்லாத நிலத்துக் கிணற்றுக்கும் உள்ள வேற்றுமையைக் காணப்போவதாக எழுதுவானாயின் அது திட்டம். பரீட்சிப்போர் நோக்குவது ஒன்றே: மூன்றாண்டில், இக்கையிருப்பைக் கொண்டு, இவனால் இதனைச் செய்து முடிக்க இயலுமா? திட்டத்தில் எழுதியவாறே ஆராய்ச்சி நடைபெறும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை என்பதையும் மாணாக்கன் அறிந்திருத்தல் நன்று. சிந்திக்கும் முறையைக் காட்டுதற்கே அது கேட்கப்படுகின்றது.

சான்றுக் கடிதங்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அமெரிக்கக் கழகங்கள் பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கும். பீடாதிபதி, துணைவேந்தர் எனப் பதவி உயர்ந்தோரிடமே கடிதம் பெறுதல் சிறப்பு என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். 'இவரை யான் அறிவேன். நற்குணமுடையவர்' என்னும் துணைவேந்தரின் இரு வரியைக் காட்டிலும், ஆய்வுகூடத்தில் ஓராண்டு உடனிருந்த இளம் விரிவுரையாளர், மாணாக்கன் ஒரு தவற்றை எவ்வாறு கண்டுபிடித்துத் திருத்தினான் என்று விரித்தெழுதும் ஒரு பக்கம் வலிமையுடையது. கடிதம் எழுதுவார்க்கு ஆறு வாரமாவது தவணை கொடுத்து, தன் திட்டத்தையும் பெறுபேறுகளையும் உடன் கொடுத்தல் மரியாதை. ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். அல்லது டோபல் பரீட்சை வேண்டப்படும். இவற்றின் பெறுபேறு இரண்டு ஆண்டே செல்லும் ஆதலின் மிக முந்தி எழுதுதல் வீண். ஜீ.ஆர்.ஈ. என்னும் பரீட்சையை அண்மை ஆண்டுகளிற் பல அமெரிக்கத் துறைகள் கைவிட்டுவிட்டன. துறைக்குத் துறை விசாரித்தே பணங்கட்டல் வேண்டும். அந்நாட்டு விண்ணப்பங்களின் முடிவு நாள் பெரும்பாலும் மார்கழி மாதத்தில் வரும். விண்ணப்பக் கட்டணமும் சிறிதன்று. வறியோர்க்கு அதனை விலக்கும் ஏற்பாடு சில கழகங்களில் உண்டு, ஆனாற் கேட்டவர்க்கே அது கிட்டும். பண உதவியோடு வரும் அழைப்புக்குச் சித்திரை மாதம் 15ஆந் தேதிக்கு முன் விடை கூறும்படி வற்புறுத்துவதில்லை என்று அந்நாட்டுக் கழகங்கள் பல தமக்குள் உடன்பட்டுள்ளன. பிரித்தானியாவிற் சில விஞ்ஞானத் துறைகளிற் கற்பதற்கு, விசாவுக்கு முன்னரே அரசாங்கத்தின் தனி அனுமதி ஒன்றும் பெறவேண்டும். இதனை அறியாது புறப்பாடு பிந்தியோர் உளர்.

பணத்தைப் பற்றிய விதி எளியது. சொந்தப் பணத்தையும் கடனையும் நம்பிக் கலாநிதிப் பட்டத்திற்குப் புறப்படுதல் ஆகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நல்ல துறைகள் ஏற்கும் மாணாக்கருக்குப் போதனைக் கட்டணத்தை நீக்கி, இளவகுப்புகளுக்குக் கற்பிக்கும் கடமைக்கு வேதனமும் அளிக்கின்றன. பிரித்தானியாவுக்குச் செல்ல விரும்புவோர் பொதுநலவாயப் புலமைப் பரிசில் போன்றவற்றை நாடவேண்டும்; 1959இல் வகுக்கப்பெற்ற இத்திட்டத்தின் விதிகள் ஆண்டுதோறும் மாறுவன. காணியை ஈடுவைத்து முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் இரண்டாமாண்டில் உதவி கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கையாற் குடும்பங்கள் நொந்ததுண்டு.

ஈழத்துப் பல்கலைக் கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளராய் இருந்து வெளிநாடு செல்வோர்க்கு மற்றுமொரு பொறுப்பு உண்டு. கற்கை விடுமுறை பெறும்போது, திரும்பி வந்து குறித்த காலம் சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தல் வேண்டும். தவறின் பெருந்தொகை செலுத்தவேண்டி வரும். அதற்குப் பிணை நிற்பவர்கள் பெரும்பாலும் உடன் கற்பிப்போரும் நண்பரும் உறவினருமே. பட்டம் பெறாது மனமுடைந்து அங்கேயே தங்கிவிடுபவன் தன்னை மாத்திரம் கெடுப்பதில்லை. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் வேறிருவரின் வீட்டிலும் துன்பம் புகுந்துவிடுகின்றது. கையொப்பமிடும் நாளிலேயே இதனைப் பிணைநிற்போரோடு மனந்திறந்து பேசுதல் நன்று.

இவ்வளவும் கடந்து இடம் பெற்றபின் தொடங்குவது வேறொரு சோதனை. பள்ளிக்கூடத்திலும் பல்கலைக் கழகத்திலும் முதன்மையாய் நின்றவர்களே இவ்விடத்திற்கு வருகின்றனர். அதுவரை அவர்கள் கண்ட வினாக்கள் எல்லாம் யாரோ விடை அறிந்து கேட்ட வினாக்கள். இங்கே ஆசிரியர்க்கும் விடை தெரியாது. முதலாண்டிலே மாணாக்கன் படிக்கப் படிக்கத் தான் எண்ணியவற்றையெல்லாம் முன்னரே பலர் எழுதிவிட்டதாகக் காண்பான். தன்னைத் தவறுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும், விரைவில் அது வெளிப்பட்டுவிடும் என்றும் அஞ்சுவான். அருகிலிருக்கும் மாணாக்கனும் அவ்வாறே அஞ்சுகின்றான் என்பதை அறிதற்கு ஈராண்டு செல்லும். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஆராய்ச்சி மாணாக்கரிடையே நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனநோய்க்கு ஆளாகும் நிலையில் உள்ளார் எனக் கண்டது. ஆதலின் நித்திரையின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடிக்குமாயின் வைத்தியரிடம் செல்லுதலை இழிவாகக் கருதலாகாது. பெரும்பாலான கழகங்களில் இதற்கென்றே ஆலோசகர் உளர். அவரிடம் கூறுவது மேற்பார்வையாளர்க்குச் செல்வதில்லை.

சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாறு இங்கே கருதத்தக்கது. அவர் 1930இல், தாயார் நோயுற்றிருந்த வேளையிற் கேம்பிறிட்ஜுக்குக் கப்பலேறினார். அவரைப் போகுமாறு ஊக்கியவரும் அத்தாயாரே. அடுத்த ஆண்டு வைகாசி மாதத்தில் தாயார் காலமானார். மகன் அங்கேயே இருந்தார். தனிமையும், தான் எடுத்த துறை தனக்கேற்றதா என்னும் ஐயமும் அவரை வருத்தின. டிராக்கின் ஆலோசனைப்படி இறுதியாண்டைக் கொபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிலையத்திற் கழித்தார். இடமாற்றமும் இளைஞரின் கூட்டுறவும் அவருக்கு உயிர்ப்பளித்தன. பட்டம் 1933இற் கிடைத்தது. 1935ஆம் ஆண்டு தை மாதத்தில், விண்மீன்களின் முடிவு பற்றி அவர் கூறியதை எடிங்டன் அறிஞர் அவையிலே எள்ளி நகையாடினார். அக்கருத்தோடு தொடர்புற்ற பணிக்கு நோபல் பரிசு 1983இல் வந்தது. அவர் எடிங்டனோடு ஓயாது போராடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தம் முடிபை ஒரு நூலில் எழுதி வைத்துவிட்டு வேறு பொருளுக்குச் சென்றார். எடிங்டனிடம் வைத்த நட்பையும் முறிக்கவில்லை.

சந்திரசேகருக்கு வீட்டிலிருந்து செய்தி கப்பலில் வந்தது. இன்று நாள்தோறும் தொலைபேசியில் முகங்காட்டிப் பேசலாம். இதனால் ஆறுதலும் உண்டு, இடரும் உண்டு. 'எப்போது முடியும்?' என்னும் வினா அன்று மாதத்திற்கு ஒருமுறை வந்தது. இன்று இரவுதோறும் வருகின்றது. பெற்றோர் இவ்வினாவைக் கேளாதிருப்பது மாணாக்கனுக்கு அவர்கள் அனுப்பும் மிளகாய்த் தூளிலும் பெரிய உதவி.

அன்றாட ஒழுக்கத்திற் சில பழக்கங்கள் பயன் தருவன. மேற்பார்வையாளரைச் சந்திக்குமுன் ஒரு பக்கமாவது எழுதி அனுப்புதலும், சந்தித்த அன்றே பேசியவற்றையும் முடிவுகளையும் சுருக்கி அவருக்கு மின்னஞ்சல் செய்தலும் முதலாவன. ஆறு மாதத்தின் பின், 'யான் அவ்வாறு சொல்லவில்லையே' என்னும் பேச்சுக்கு இடமிராது. எல்லாவற்றையும் படித்து முடித்தபின் எழுதலாம் என்று இருப்பவன் ஒருபோதும் எழுதுவதில்லை. நாளுக்கு முந்நூறு சொல், நன்றோ தீதோ, எழுதுதல் வேண்டும். பிரித்தானியாவிற் பல துறைகளில் ஆய்வேட்டின் மேலெல்லை எண்பதினாயிரம் சொல் என்பதை நோக்கின் அச்சம் குறையும். படித்த நூலின் பக்க எண்ணை அப்பொழுதே குறித்துவைத்தல் வேண்டும். பிறர் சொல்லைத் தன் சொல்லாக எழுதிவிடும் குற்றம் பெரும்பாலும் களவு மனத்தாலன்றிச் சோம்பலான குறிப்பேட்டாலேயே நேர்கின்றது. கழகங்கள் அதனை மன்னிப்பதில்லை. கணனியில் உள்ளவற்றுக்கு வேறிரு இடங்களிற் பிரதி இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஒருவராவது இழந்து அழுகின்றனர்.

பிரித்தானியாவில் முதலாண்டின் இறுதியில், மாணாக்கனின் எழுத்தைப் பரீட்சித்துத் தொடர்ந்து செல்ல அனுமதிக்கும் ஒரு கட்டம் உண்டு. இதனை இடையூறாகக் கருதுவர். உண்மையில் அது பாதுகாப்பு. பொருள் பிழையென்றால் மாற்றுதற்கு அதுவே தக்க சமயம். மேற்பார்வையாளரோடு ஒத்துவரவில்லை என்றாலும் அவரை மாற்றும்படி கேட்டற்கு அதுவே தக்க சமயம். மாற்றம் கேட்போர் துறையின் பட்டப்பின்படிப்புப் பொறுப்பாளரிடம் முதலிற் செல்லல் வேண்டும். பழிகூறாது, ஆராய்ச்சியின் திசை மாறியது என்னும் அளவில் பேசுதல் அறிவுடைமை. சிலவேளை கண்டுபிடிப்பு ஆய்வேட்டின் எல்லைக்கு வெளியே நிகழ்வதும் உண்டு. ஜொசலின் பெல் என்னும் மாணாக்கி 1967இற் கேம்பிறிட்ஜில், தம் வானொலித் தொலைநோக்கியின் நீண்ட தாட்சுருள்களிலே கண்ட சிறு கறையை அலட்சியம் செய்யாது தொடர்ந்து, துடிப்பு விண்மீனைக் கண்டார். அவருடைய ஆய்வேட்டில் அது பின்னிணைப்பாகவே இடம்பெற்றது. 1974இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய மேற்பார்வையாளருக்குச் சென்றது; மாணாக்கிக்கு இல்லை. கட்டுரைகளில் எவர் பெயர் எவ்விடத்தில் வரும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுதற்கு இதனினும் தக்க காரணம் வேண்டா.

முடிவில் வருவது வாய்மொழிப் பரீட்சை. நம் முன்னோர் நூலை அவையில் அரங்கேற்றித் தடைக்கு விடை கூறிய வழக்கத்தை இது ஒருவாறு ஒக்கும். பிரித்தானியாவில் உட்பரீட்சகர் ஒருவரும் வெளிப்பரீட்சகர் ஒருவரும் மூடிய அறையில் இரண்டு அல்லது மூன்று மணிநேரம் வினவுவர். ஒல்லாந்திலும் சுவீடனிலும் அது பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறும். 'இதனை ஏன் செய்யவில்லை?' என்பதே பெரும்பாலும் வரும் வினா. அதற்கு, 'இந்த எல்லைக்குள் இது அடங்காது. காரணம் இது' என்று கூறக் கூடியவன் தப்பிவிடுவான். எல்லாவற்றையும் செய்ததாகக் காட்ட முயல்பவன் அகப்பட்டுக்கொள்வான். திருத்தம் எதுவுமின்றி ஏற்கப்படும் ஆய்வேடு அரிது. சிறு திருத்தம் மூன்று மாதத்தில் முடிவது. அதனைத் தோல்வியென்று வீட்டுக்கு அறிவித்துவிட்டு அழுதோரும் உளர்.

ஏற்கப்பட்ட ஆய்வேடும் இறுதி வார்த்தையன்று. கா. இந்திரபாலா ஈழத்தில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தையும் ஆராய்ந்து 1960களின் நடுவில் இலண்டனிற் பட்டம் பெற்றார். அவ்வாய்வேடு அச்சேறாமலே பலராலும் பல்லாண்டு மேற்கோளாக எடுத்தாளப்பட்டது. ஏறத்தாழ 40 ஆண்டின் பின், 2005இல் வெளியிட்ட நூலிலே, புதிய தொல்பொருட் சான்றுகளை நோக்கித் தம் பழைய முடிபுகளை அவரே மாற்றிக்கொண்டார். இளமையில் எழுதிய ஆய்வேடு கழக நூலகத்தின் தட்டிலே அப்படியே இருக்கின்றது. அதனைத் தேடிச் செல்லும் மாணாக்கன் பின்னைய நூலையும் உடன் எடுத்துப் படித்தல் வேண்டும்.